பணியும் மனையும் – ஓவேலித் தோட்டக் குடும்பங்களில் திறன்பேசி

இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு

முன்னுரை

பொருள் தேடும் பொருட்டுத் தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதைப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்று நம் இலக்கணம் வகுத்துக் கூறும். அகப்பாடல்களில் இப்பிரிவைப் பாடியன மிகப் பல. அப்பாடல்களில் தலைவன் சென்ற நாளும் ஐயமின்றித் தெரியும். மீண்ட நாளும் ஐயமின்றித் தெரியும். வாசலுக்குள் வந்தவன் வினை முடித்து வந்தவனாகவே இருப்பான்.

இன்றைய நிலை வேறு. பணிக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்புகிறார். ஆனால் அவரது சட்டைப் பையில் பணியும் உடன் வந்துவிடுகிறது. அவர் உண்ணும்போதும் உறங்கும்போதும் அது அருகிலேயே கிடக்கிறது. திறன்பேசி என்னும் இச்சிறு கருவி, பணி செய்வோரின் இல்லறத்தில் விளைவிக்கும் மாற்றங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் பெருநகரத்துக் கணினி நிறுவனங்களையும் அவற்றின் ஊழியர்களையும் பற்றியே எழுதப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்களைப் பற்றி யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் பிறந்து வளர்ந்தது கூடலூர் வட்டத்தைச் சேர்ந்த ஓவேலி. என் தந்தையார் அங்குள்ள ஒரு தனியார் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். தாயார் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. ஆகவே நகரத்துச் சான்றுகளை எங்கள் மலையின் வாழ்க்கையோடு வைத்து ஒப்பிட முயல்கிறேன்.

ஓவேலி

நீலகிரிப் பீடபூமியின் மேற்குச் சரிவின் அடியில் அமைந்த பள்ளத்தாக்கு ஓவேலி. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரியை நில அளவை செய்த ஆக்டர்லோனி என்னும் ஆங்கிலேய அதிகாரியின் குடும்பப் பெயரே இப்பள்ளத்தாக்கிற்கும் இடப்பட்டது. அவருடைய சகோதரர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி இங்குக் காப்பித் தோட்டங்களை உண்டாக்கினார். ‘ஆக்டர்லோனி வேலி’ என்பதே மக்கள் வாயில் சுருங்கி ‘ஓவேலி’ ஆயிற்று. காப்பியை அடுத்துத் தேயிலை வந்தது. ஆரோட்டுப்பாறை, எல்லமலை, பார்வுட், பெரியசோலை எனப் பல குடியிருப்புகள் தோட்டங்களை ஒட்டியே வளர்ந்தன. பழங்குடி மக்கள், கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்து குடியேறியோர், சமவெளியிலிருந்து வந்த தொழிலாளர் ஆகியோருடன், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரும் கூடலூர் வட்டாரத்தில் வந்து சேர்ந்தனர்.

இங்கு வீட்டிற்கும் வேலைத்தலத்திற்கும் இடையில் அதிகத் தொலைவில்லை. ‘பாடி’ என்று நாங்கள் வழங்கும் வரிசை வீடுகள் தோட்டத்திற்குள்ளேயே உள்ளன. வீட்டுக் கதவைத் திறந்தால் தேயிலைச் செடி. வீட்டைக் கட்டிக் கொடுத்ததும் எஸ்டேட். வேலை தருவதும் எஸ்டேட். இடத்தால் பணியும் மனையும் இவ்வாறு ஒன்றாகக் கலந்திருந்த ஊரில் இரண்டையும் பிரித்து வைத்தது காலம் ஒன்றே. இதனை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

சங்கும் பெரட்டும்

தோட்டத்தில் காலத்தை அறிவித்தது தொழிற்சாலைச் சங்கு. காலையில் சங்கு ஊதியதும் தொழிலாளர் ஓரிடத்தில் கூடுவர். இக்கூட்டத்திற்குப் ‘பெரட்டு’ என்று பெயர். எந்த மலையில் கொழுந்து, எங்கே கவாத்து, யாருக்கு மருந்தடிப்பு என்பதெல்லாம் பெரட்டில்தான் பிரித்துத் தரப்படும். மாலையில் கொழுந்தை நிறுத்து, எடையைக் கணக்கில் எழுதியபின் மீண்டும் சங்கு ஊதும். அதற்குமேல் துரையானாலும் கணக்கப்பிள்ளையானாலும் ஒருவருக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால் ஆளனுப்ப வேண்டும். இருட்டில், மழையில், யானை நடமாடும் பாதையில் ஆளனுப்புவது எளிதன்று. எனவே உண்மையிலேயே அவசரமான செய்தி மட்டுமே இரவில் வீட்டு வாசலை எட்டியது.

அக்காலம் பொற்காலம் என்று கூற நான் வரவில்லை. கூலி குறைவு, வேலை கடினம், அதிகாரம் கொடிது என்பதை எங்கள் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கிறேன். ஆயினும் சங்கு ஊதியபின் வரும் இரவு அவர்களுடையதாக இருந்தது. அந்த நேர வரம்பும் தானாக வந்ததன்று. சென்னையில் 1918-இல் தொழிற்சங்கம் தோன்றியதும், 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் நாம் அறிந்த வரலாறு. தோட்டங்களுக்கென 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வயது வந்தோருக்கு வாரம் 54 மணி நேரம் என வரம்பு கட்டிற்று. 1981-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 48 மணியாகக் குறைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அப்பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளன; அவற்றிலும் வாரம் 48 மணி என்னும் வரம்பு நிலைத்துள்ளது.

திறன்பேசியின் வரவு

2016-க்குப் பின் இணையக் கட்டணம் குறைந்ததால் திறன்பேசி பாடிகளுக்குள்ளும் பரவியது. அலுவலகங்களைப் போலவே எஸ்டேட்டுகளிலும் வாட்ஸ்அப் குழுக்கள் தோன்றின.

இதனால் விளைந்த நன்மைகளை முதலில் கூறுவதே நேர்மை. முன்பெல்லாம் ஒரு சிறு ஐயத்தைத் தீர்க்க என் தந்தையார் அலுவலகம்வரை இரண்டு மேடு ஏறி இறங்க வேண்டும். இப்போது ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். செடியில் கொப்புளநோய் கண்டால் உடனே காட்டலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்புக் கேட்க ஆளனுப்ப வேண்டியதில்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது எங்கள் வீட்டிலிருந்த ஒரே திறன்பேசியில்தான் என் தங்கை பாடம் படித்தாள்.

ஆனால் ஆளனுப்பும் தொல்லை நீங்கியபோது, அத்தொல்லை இதுவரை செய்துவந்த காவலும் நீங்கிற்று. செய்தி அனுப்புவதற்குச் செலவில்லை, நடையில்லை, மழையில்லை. ஆகவே நாளை காலைப் பெரட்டில் சொல்லத்தக்க செய்தி இன்றிரவே வருகிறது.

இதற்குத் தேயிலைத் தொழிலின் தன்மையும் ஒரு காரணம். பறித்த கொழுந்து காத்திருக்காது. அன்றே தொழிற்சாலைக்குச் சென்று வாட்டும் தொட்டியில் பரப்பப்பட வேண்டும். 12 மணி நேரத்திற்கும் மேலாக அது வாடியபின்பே அரைக்கப்படும். எனவே கொழுந்து மிகும் காலத்தில் தொழிற்சாலை இரவிலும் விழித்திருக்கும். விழித்திருக்கும் தொழிற்சாலை மலையில் உள்ளவரையும் எழுப்பத் தொடங்கியது. இன்றைய எடை எவ்வளவு, நாளை எந்த எண் மலை, எத்தனை ஆள், டிராக்டர் எத்தனை மணிக்கு, இன்று கவாத்து செய்த இடத்தின் படம் எங்கே என்ற வினாக்கள் இரவு ஏழு மணி முதல் பத்து மணிவரை ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

வீட்டினுள் நிகழ்வது

அவ்வினாக்களுக்கு விடையளிக்க ஆகும் நேரம் மிகக் குறைவு. ‘சரிங்க சார்’ என்று எழுத அரை நிமிடம் போதும். எல்லாவற்றையும் கூட்டினாலும் கால் மணி நேரத்தைத் தாண்டாது. “கால் மணி நேரத்தில் என்ன குடிமுழுகிப் போகும்?” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை காண்பதே இப்பொருளின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

என் தந்தையார் அந்தக் கால் மணி நேரம் மட்டும் பணியில் இருப்பதில்லை. அடுத்த செய்தி எப்போது வருமோ என்று மூன்று மணி நேரமும் பணியில் இருக்கிறார். எங்கள் வீட்டில் சிக்னல் சமையலறைச் சன்னல் ஓரத்தில் மட்டுமே கிடைக்கும். ஆகவே மாலை முழுவதும் அவர் அச்சன்னல் ஓரத்து முக்காலியில்தான் அமர்ந்திருப்பார். தாயார் அவரிடம் எதையேனும் பேச வேண்டுமானால், “போன் பாத்து முடிச்சிட்டீங்களா?” என்று கேட்ட பின்னரே பேச்சைத் தொடங்குவார். தங்கை கணக்குப் புத்தகத்தோடு இருமுறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை என்னிடம் வந்துவிடுவாள். அவர் சினந்து பேசுபவரல்லர், யாரையும் விரட்டியதுமில்லை. ஆயினும் அவர் செவி வேறோரிடத்தில் இருக்கிறது என்பதை வீட்டார் அனைவரும் உணர்ந்து, தாமாகவே விலகிக்கொண்டனர்.

இன்னொன்று, அந்தத் திறன்பேசி அவர் தம் கூலியில் வாங்கியது. மாதந்தோறும் அதற்குப் பணம் கட்டுவதும் அவரே. முன்பு எஸ்டேட் வேலைக்கான கவாத்துக் கத்தியை எஸ்டேட் தரும். இப்போது வேலைக்கு இன்றியமையாததாகிவிட்ட கருவியைத் தொழிலாளியே வாங்கிக்கொள்கிறார். சொந்தப் பொருள் என்பதாலேயே, அதனை வேலை முடிந்ததும் அலுவலகத்தில் வைத்துவிட்டு வரவும் இயலாது.

அறிஞர் கண்டவை

எங்கள் வீட்டில் நான் கண்டது தனியொரு குடும்பத்தின் கதையா என்று அறிய, பிற நாட்டு ஆய்வுகளைப் படித்துப் பார்த்தேன்.

சூ கேம்ப்பெல் கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் 2000-இல் பணி–குடும்ப எல்லைக் கொள்கையை வகுத்தார். பணியும் குடும்பமும் தனித்தனி மொழியும் பழக்கமும் உடைய இரு நாடுகள் போன்றவை. மனிதர் நாள்தோறும் எல்லையைக் கடந்து இரண்டிற்கும் போய்வருகின்றனர். எல்லை எவ்வளவு உறுதியாயுள்ளது, எவ்வளவு எளிதில் ஊடுருவத்தக்கது என்பதைப் பொறுத்தே அவர்தம் அமைதி அமையும் என்பது அக்கொள்கையின் சாரம்.

சோபி லெராய் என்பவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றிற்குச் செல்பவரின் கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டியது. அரை நிமிடச் செய்தி அரை நிமிடத்தோடு முடியாததன் காரணம் இதுவே. 2014-இல் லனாஜ், ஜான்சன், பார்ன்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, இரவு ஒன்பது மணிக்குமேல் பணிக்காகத் திறன்பேசியைப் பயன்படுத்துவோர் உறக்கம் குறைந்து, மறுநாள் காலையிலேயே களைப்புற்று, வேலையில் ஈடுபாடும் குறைகின்றனர் என்று கண்டது. எனவே இரவுச் செய்தியால் நிறுவனத்திற்கும் ஆதாயமில்லை.

எல்லாவற்றினும் என் கருத்தைக் கவர்ந்தது, வில்லியம் பெக்கர் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2018-இல் அளித்த ஆய்வு. அவர்கள் ஊழியரை மட்டுமன்றி அவர்தம் வாழ்க்கைத் துணையையும் வினவினர். பணிநேரத்திற்குப்பின் மின்னஞ்சல் பார்க்கச் செலவிடும் நேரம் ஒருபுறமிருக்க, ‘பார்த்தாக வேண்டும்’ என்ற எதிர்பார்ப்பே மனக்கவலையை உண்டாக்குகிறது என்றும், அக்கவலை துணைவரின் நலத்தையும் தாக்குகிறது என்றும் அவர்கள் கண்டனர். அமெரிக்க அலுவலர் இல்லத்தில் கண்டதும் ஓவேலிப் பாடியில் நான் கண்டதும் ஒன்றே. இல்லறத்தைத் தேய்ப்பது பார்க்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நிலையே என்பது இவற்றால் புலனாகிறது.

பெண்களின் நிலை

பணிக்காகத் திறன்பேசியைக் கையாளும் பெண்களின் சுமை இன்னும் மிகுதி. எடுத்துக்காட்டாக அங்கன்வாடிப் பணியாளர்களைக் கூறலாம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில், பதிவேடுகள் பல்லாண்டுக் காலம் மையத்திலேயே இருந்தன. மையத்தைப் பூட்டினால் பதிவேடும் பூட்டப்படும். 2021-இல் ‘போஷன் டிராக்கர்’ என்னும் செயலி வந்தது. குழந்தைகளின் வருகை, எடை, உயரம், உணவு ஆகியவை நாள்தோறும் அதில் ஏற்றப்படுகின்றன. ஓரிடத்தில் அமர்ந்துகொண்டே நாடு முழுவதன் நிலையையும் அறிய இது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிக்னல் இல்லாத மலைச்சரிவில் பகலில் ஏறாத பதிவு, மாலையில் வீட்டில் அடுப்படியில் ஏற்றப்படும். ஆண் வீட்டில் செய்தி பார்த்தால் ஓய்வு மட்டும் குறைகிறது. பெண் பார்த்தாலோ வீட்டு வேலையும் குறையாமல் காத்துக் கிடக்கிறது. 2021 ஆகஸ்டில் மகாராட்டிர மாநில அங்கன்வாடிப் பணியாளர்கள், தமக்கு வழங்கப்பட்ட கைப்பேசிகள் தரமற்றவை என்றும் செயலி தம் மொழியில் இல்லை என்றும் கூறி அவற்றைத் திருப்பி ஒப்படைத்துப் போராடியது நாடறிந்த செய்தி.

ஓவேலிக்கே உரிய சிக்கல்

“தொல்லையாக இருந்தால் இரவில் அணைத்து வைத்துவிட்டால் போகிறது” என்பது பலரும் கூறும் எளிய தீர்வு. நகரத்தில் அது பொருந்தலாம். ஓவேலியில் பொருந்தாது.

காரணம் யானை. ஓவேலி, முதுமலைக் காட்டுக்கும் கேரளத்தின் நிலம்பூர்க் காட்டுக்கும் அண்மையில் உள்ள பகுதி. யானைகள் தேயிலைக்குள் நடமாடுவது இங்கு அன்றாட நிகழ்ச்சி. பலரின் உயிரிழப்புக்குக் காரணமான காட்டு யானை ஒன்று 2025 செப்டம்பரில் ஓவேலியில் பிடிக்கப்பட்டு முதுமலைக்குக் கொண்டு செல்லப்பட்டதைப் பலரும் அறிவர். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் 2011 முதல் யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியால் மக்களுக்கு அறிவித்து வந்தனர். அப்பணிக்காக எம். ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார். எங்கள் பகுதியிலும் யானை எங்கே நிற்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில்தான் முதலில் வருகிறது. அதிகாலையில் வேலைக்குப் புறப்படுவோருக்கும் பால் ஊற்றச் செல்வோருக்கும் அச்செய்தி உயிர்க்காவல்.

ஆக, ஒரே கருவியில், ஒரே ஒலியில், இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒன்று நாளைய டிராக்டர் நேரம். மற்றொன்று பாதையில் நிற்கும் யானை. சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு எடைச் சீட்டுகளின் படங்கள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஒலிக்கும் தாயார், “யானையா பாருங்க” என்று திடுக்கிட்டு எழுந்தார். ஒவ்வொரு முறையும் தந்தையார், “இல்ல, ஆபீசு” என்றார். மூன்று நான்கு இரவுகள் இவ்வாறு கழிந்தபின், வீட்டார் உறங்கட்டும் என்று அவர் ஒலியை அடக்கி வைத்தார். அந்த வாரத்திலேயே ஓரிரவு பத்தரை மணிக்கு எங்கள் பாடிக்குக் கீழுள்ள தண்ணீர்த் தொட்டி அருகே இரண்டு யானைகள் நிற்பதாகச் செய்தி வந்திருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் அதைப் பார்த்தோம். தாயார் நாள்தோறும் இருட்டு விலகுமுன் குடத்துடன் செல்லும் இடம் அந்தத் தொட்டி. அன்று அவர் புறப்படுமுன் செய்தி கண்ணில் பட்டது. அதனால் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அதன்பின் ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் நன்றாக உறங்கவில்லை.

தேவையற்ற செய்திகள் மிகும்போது தேவையான எச்சரிக்கை செவியில் ஏறாமற்போகிறது. மருத்துவமனைகளில் கருவிகள் ஓயாமல் ஒலிப்பதால் செவிலியர் கவனம் மரத்துப்போவதை மருத்துவ உலகம் நன்கறியும். அதே விளைவு எங்கள் மலையில் யானையின் வடிவில் வருகிறது. எனவே ஓவேலி போன்ற இடங்களில், பெறுபவர் கருவியை அணைப்பது தீர்வாகாது. அனுப்புபவர் காலமறிந்து அனுப்புவதே தீர்வாகும். இதுவே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

பிற நாடுகள் செய்தவை

அனுப்புபவரைக் கட்டுப்படுத்துவது இயலுமா என்றால், இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 2011-இல் தொழிலாளர் மன்றத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி, பணி முடிந்து அரை மணி நேரம் கழிந்ததும் ஊழியரின் கைப்பேசிக்கு நிறுவன மின்னஞ்சல் செல்வது நிறுத்தப்பட்டது. மறுநாள் பணி தொடங்க அரை மணிக்கு முன்னரே மீண்டும் திறக்கப்பட்டது. இங்கு ஊழியர் எதையும் அணைக்க வேண்டியிருக்கவில்லை.

பிரான்சில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பணிநேரத்திற்கு வெளியே தம் சொந்தக் கைப்பேசியில் வந்த அழைப்பை ஏற்கவில்லை என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அது குற்றமாகாது என்று அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 50 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் ‘தொடர்பறுக்கும் உரிமை’ பற்றித் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசியாக வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல் பெரிய நிறுவனங்களிலும், ஓராண்டு கழித்துச் சிறு நிறுவனங்களிலும் இவ்வுரிமை வந்தது. அங்கு, பணிநேரம் கடந்து வரும் செய்திக்கு விடையளிக்க ஊழியர் மறுக்கலாம்; ஆனால் அம்மறுப்பு நியாயமற்றதாக இருத்தல் கூடாது. செய்தியின் காரணம், ஊழியரின் பொறுப்பு, அதற்கென ஊதியம் உண்டா, அவருடைய குடும்பச் சூழ்நிலை ஆகியவற்றைக் கொண்டு நியாயம் அளக்கப்படும்.

நம் நாட்டில் இதே பொருள்பற்றிய தனிநபர் மசோதாவைச் சுப்ரியா சுலே மக்களவையில் 2018-இல் கொணர்ந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் கொணர்ந்தார். அது இன்னும் சட்டமாகவில்லை. ஆயினும் சட்டம் வருந்துணையும் காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் லெஸ்லி பெர்லோ என்னும் பேராசிரியை ஒரு சோதனை நடத்தினார். குழுவிலுள்ள ஒவ்வொருவரும் வாரத்தில் ஓர் இரவேனும் பணித் தொடர்பின்றி இருத்தல் வேண்டும் என்பது விதி. முதலில் பலர் அஞ்சினர். ஆனால் ஒருவர் விடுபடும் இரவில் மற்றவர் பொறுப்பேற்க வேண்டியிருந்ததால், குழுவினர் முன்கூட்டியே திட்டமிடக் கற்றனர். வேலையும் சீர்பட்டது, மனநிறைவும் கூடிற்று. 2009-இல் வெளிவந்த இம்முடிவுகளிலிருந்து நாம் அறிவது, தனியொருவரின் மனவுறுதியால் ஆகாதது குழுவினர் கூடிச் செய்யும் உடன்பாட்டால் ஆகும் என்பதே.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைக்கொண்டு ஓவேலிக்குப் பொருந்துமாறு சில வழிகளைக் கூற விரும்புகிறேன்.

1. நாளைய வேலை பற்றிய செய்திகள் அனைத்தையும் தொகுத்து, மாலை ஆறரை மணிக்குள் ஒரே செய்தியாக அனுப்பலாம். அது தவறினால் காலைப் பெரட்டில் கூறலாம். பெரட்டு இன்றும் இருக்கத்தானே செய்கிறது!

2. இரவில் அவசரம் நேர்ந்தால் செய்தி அனுப்பாமல் நேரே அழைக்கலாம். அழைக்கும்போது, “இதற்காக இந்நேரத்தில் எழுப்பத்தான் வேண்டுமா?” என்ற தயக்கம் அனுப்புபவருக்குத் தானே வரும். பழைய நாளில் ஆளனுப்புமுன் வந்த தயக்கமும் அதுதான்.

3. யானை பற்றிய குழுவில் வேறெந்தச் செய்தியும் இடுதல் கூடாது. அக்குழுவிற்கு மட்டும் தனி ஒலி அமைத்துக்கொள்ளத் திறன்பேசியிலேயே வசதி உண்டு. எங்கள் வீட்டில் இப்போது அவ்வாறே செய்துள்ளோம். பாடியில் பல வீடுகளுக்குச் சென்று நானும் நண்பர்களும் அமைத்துக் கொடுத்தோம். ஐந்து நிமிட வேலைதான்.

4. கொழுந்து மிகும் காலத்தில் இரவுத் தொடர்பு தேவைதான் என்றால், ஒரே ஆளை நாள்தோறும் எழுப்பாமல் வாரமுறை வைத்துப் பிரித்துக்கொண்டு, அதற்குரிய படியும் தருதல் வேண்டும்.

5. பணிக்குத் திறன்பேசி வேண்டும் எனில், அதன் செலவில் ஒரு பங்கையேனும் பணி தருவோர் ஏற்றல் முறை.

6. இவ்விதிகளை மேலிருப்பவர் முதலில் கைக்கொள்ள வேண்டும். துரை இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, “காலையில் பார்த்தால் போதும்” என்று எழுதினாலும், பெறுபவர் அன்றிரவே பார்ப்பார்.

முடிவுரை

இதனைப் படிக்கும் நண்பர்கள், இது தோட்டத்துக் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. நம் வகுப்புகளுக்கும் துறைகளுக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. இரவு பதினொரு மணிக்குத் தேர்வுப் படிவம் பற்றிய செய்தியும், அதற்கு அறுபது பேரின் ‘நன்றி’யும் அவற்றில் வருவதை நாம் அறிவோம். பேராசிரியர்களுக்கும் வீடு உண்டு. மாணவர்களுக்கும் வீடு உண்டு. இங்குள்ள மாணவர் பலர் இன்னும் சில ஆண்டுகளில் அலுவலராகவோ ஆசிரியராகவோ மேற்பார்வையாளராகவோ பொறுப்பேற்கப் போகிறவர்கள். அன்று நம் கையிலுள்ள கருவியிலிருந்து இன்னொரு வீட்டிற்குச் செய்தி செல்லும். அனுப்பும் பொத்தானைத் தொடுமுன் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே நம் குழுக்களில் தொடங்கலாம்.

வேலை நேரத்திற்கு வரம்பு கட்ட நம் முன்னோர் பல்லாண்டுகள் போராடினர். அவ்வரம்பைக் காப்பது அவர்களுக்கு நாம் செய்யும் கடமை. திறன்பேசியை வெறுக்க வேண்டியதில்லை. அது யானை வருவதைச் சொல்லி உயிரைக் காக்கும் நல்ல தோழன். அத்தோழனின் குரல் தேவையான இரவில் நன்கு கேட்க வேண்டுமானால், தேவையற்ற இரவுகளில் அது வாய்மூடியிருக்க நாம் அனைவரும் கூடி வழிசெய்தல் வேண்டும்.